டேப்பின் மறுபக்கத்தில் ஒரு சைக்கிள்

அன்பு மகளே,

பஜாரில் உன்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பெருமாள்மலை டெய்லர் மகளுக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு சைக்கிள் அனுப்பினார்களாம். அந்தக் காசுக்கு ஒரு வேனே வாங்கலாமாம். பெயரைக்கூட வாசிக்க முடியாத பெரிய கம்பெனியாம். அது மேட்டில் தானாக ஏறுமாம், அதனால்தான் உனக்குக் கொச்சிக் கம்பெனியில் வேலை கிடைத்ததாம். நேற்று டீக்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார். நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சண்டைதான் போட்டிருப்பேன். ஆனால் வருகிற திங்கட்கிழமை நீ கொச்சிக்குக் கிளம்புகிறாய், பிள்ளை கிளம்புகிற வாரத்தில் பஞ்சாயத்து எதுவும் வேண்டாம் என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் இதை ஒட்டப் போவதில்லை. கடையில் திறந்தே வைக்கப்போகிறேன், வருகிறவர்கள் படிக்கட்டும். அந்தச் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அது உன்னிடம் வந்து சேராமல் நான் எப்படிக் குறுக்கே நின்றேன் என்பதும் தெரியட்டும். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வேன், பொறுத்துக்கொள். மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே. முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், டெய்லருக்கு அதில் கூச்சம் கிடையாது. உன் கால் உன் அம்மா வீட்டுக் கால். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மேடு ஏறி இறங்கி, பிறகு கப்பலேறி இங்கே வந்து இந்த மலையிலும் ஏறி இறங்கிய கால், நீளமானது. முதுகு என்னுடையது, குட்டை. உனக்குப் பாவாடை தைத்த காலத்திலிருந்தே எந்த ரெடிமேடும் உனக்குப் பொருந்தியதில்லை. கை சரியாக இருந்தால் இடுப்பு எங்கோ போய் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கும், பிறகு ஹோட்டல் வேலைக்கும் பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு நீ சைக்கிளிலேயே போனாய். பஸ்ஸில் போகிறவர்கள் உன்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போவார்கள். நானும் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து கை காட்டினேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. அவ்வளவு கவனமாக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் அந்தக் கொச்சிக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளிலேயே மலை மலையாகக் கூட்டிக்கொண்டு போகிற கம்பெனி. முன்னால் ஓட்டிப் போக ஆள் வேண்டும், பெண்ணாக இருந்தாலும் சரி. இரண்டு நாள் தேர்வு. முதல் நாள் பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் வரை ஏற வேண்டும். மறுநாள் பூம்பாறை போய்த் திரும்பி, இறங்கி வந்து நம் பெருமாள்மலை ரோட்டு முக்கில் முடிக்க வேண்டும். முடித்த கையோடு, இளைப்பாறாமல், அவர்கள் தருகிற ஒரு சக்கரத்தில் பஞ்சர் பார்த்துக் காட்ட வேண்டும். நாள் முழுக்க ஓட்டிய பிறகும் விருந்தாளியின் சைக்கிளைப் பழுது பார்க்கக் கையில் தெம்பு இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. வளைந்த கைப்பிடி உள்ள சைக்கிளை அவரவரே கொண்டுவர வேண்டும்.

நான் கோட் தைத்துக் கொடுக்கிற கொடைக்கானல் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர், லீவுக்குப் போகும்போது தன் சைக்கிளை உனக்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போனார். நீ ஓட்டிவிட்டு வந்து நின்ற முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்பா, இதுல ஏறுனா எறங்கவே மனசு வரலப்பா" என்றாய். ரேஸ் சைக்கிள் என்றால் ஆள் குப்புறப் படுத்துக்கொண்டு போக வேண்டும். இது அப்படியில்லை, நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கென்று அப்போது புதிதாக வந்திருந்த வகை. கைப்பிடி கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். குட்டை முதுகுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதன் விலையைக் கேட்டதும், தையல் மிஷினோடு சேர்த்து என்னை விற்றாலும் முன்சக்கரம்தான் வரும் என்று தெரிந்துவிட்டது. நீ அழவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தச் சைக்கிளின் அளவுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வந்து என் கட்டிங் டேபிளில் வைத்தாய். கூடவே கோயம்புத்தூரில் ஒரு கடையில் கிடைக்கும், பெயர் ஒட்டாத இரண்டு தைவான் பிரேம்களின் பட்டியல், ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். "பேருக்குத்தானப்பா அந்த வெல. அளவு ஒன்னா இருந்தா ஒடம்புக்குத் தெரியவா போகுது? எது ஒத்துவருதுன்னு நாம பாத்துருவோம்" என்றாய்.

எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இருக்கிறதே! முப்பது வருஷமாக ஊருக்கே அளவெடுக்கிறேன், என் மகள் ஒரு சைக்கிளுக்கு அளவெடுக்க என்னிடம் வந்திருக்கிறாள். பட்டியலில் எல்லாம் மில்லிமீட்டர். நான் இஞ்ச்சில் பிழைக்கிறவன். கழுத்தில் கிடந்த டேப்பைத் திருப்பினேன். மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது என்பது தெரியும், ஆனால் அதை நான் ஒரு நாள்கூடப் பயன்படுத்தியதில்லை. அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. சட்டைக்குப் பேட்டர்ன் போடுகிற பழுப்புத் தாளை விரித்து, உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, மூன்று பிரேம்களையும் முழு அளவிலேயே வரைந்தேன். சீட்டுக் குழாயின் சாய்வு, மேல் குழாயின் நீளம், முன்னால் கைப்பிடி நிற்கிற தலைக்குழாயின் உயரம், பெடல் அச்சு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது வரை ஒன்றையும் விடவில்லை. வெட்டி எடுத்தபோது மூன்று தாள் சைக்கிள்கள் டேபிளில் கிடந்தன. இது வரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

தப்பு அடுத்துத்தான். டீச்சர் சைக்கிளின் தாள் மேல் சிவப்புப் பிரேமின் தாளை வைத்தேன். எங்கே வைத்துப் பொருத்தினேன்? சட்டையைத் தோளில் வைத்துப் பொருத்துகிற பழக்கத்தில், சீட்டும் மேல் குழாயும் சேருகிற இடத்தில் குண்டூசியைக் குத்தினேன். மேல் குழாய் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. சைஸ் நம்பரும் ஒன்றே, இரண்டும் ஐம்பத்திரண்டு. கீழே பெடல் ஓட்டை மட்டும் இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது. கீழ்ப்பக்கம்தானே, மடித்துத் தைத்தால் போயிற்று என்கிற நினைப்பு எனக்கு. மூன்றாவதாக இருந்த சாம்பல் நிறப் பிரேமின் நம்பர் நாற்பத்தொன்பது. தலைக்குழாய் நீண்டு, பார்க்கப் பால்காரர் சைக்கிள் போல இருந்தது. அந்தத் தாளை நான் கையிலேயே எடுக்கவில்லை.

நீ சொன்னாய். "அப்பா, சீட்டுக் கொழா சாய்வு இதுல எழுபத்தி நாலு, டீச்சர் வண்டில எழுபத்திரெண்டர. வேற மாதிரி கெடக்கேப்பா."

"ஒன்னர டிகிரிதானத்தா. கண்ணுக்கே தெரியாது. நீளந்தான் முக்கியம். அளவப் பத்தி என்கிட்டயா சொல்ற?" என்றேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய். மரியாதைக்காக மூடினாய், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உன் சம்பளத்தில் சேர்த்ததையும் என்னிடம் இருந்ததையும் போட்டுச் சிவப்புப் பிரேம் வந்தது. கொடைக்கானல் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சிக்கந்தர் பாய், பழைய சக்கரங்களும் புது செயினும் போட்டு அதை நிமிர்த்தி நிறுத்தினார். என்ன அழகு! நான் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மறுநாள் வெள்ளனே எழுந்து நீ பூம்பாறைக்கு ஓட்டிப் போனாய்.

நம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குக் கிட்டத்தில் கண் தெரியாமல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. கண்ணாடி போட்ட டெய்லரிடம் எவன் துணி கொடுப்பான் என்று வீம்பு. அதனால் தினமும் காலையில் நீதான் பத்து ஊசியில் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைப்பாய். அன்று வெள்ளனே போனதால் கோக்கவில்லை. மத்தியானம் நீ திரும்பி வந்ததும், முகத்தைக்கூடக் கழுவ விடாமல், பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்க வேண்டும் என்று ஊசியை நீட்டினேன். கீழே போட்டாய். எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் போட்டாய். மூன்றாம் தடவை ஊசி உன் விரலில்தான் இருந்தது, ஆனால் அது அங்கே இருப்பது உனக்குத் தெரியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "ரொம்ப எட்டிப் புடிக்க வேண்டி இருக்குப்பா. ஒடம்பு கனமெல்லாம் கையிலதான் நிக்குது" என்றாய்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு வரை ஜீரணிக்க முடியவில்லை. "பழகுனா சரியாயிடும்த்தா" என்றேன். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியும். காலர் இறுக்குகிறது என்று வந்து நிற்கிற கஸ்டமரிடம் நான் சொல்கிற பேச்சு அது. பழகினால் சரியாகிவிடும் சார், ரெண்டு தடவை துவைத்தால் சரியாகிவிடும் சார். வெட்டியது நான், அதனால் தப்பு கழுத்தில்தான் இருக்க வேண்டும். என் தொழிலில் நான் சொல்கிற மிகப் பெரிய பொய்யை என் மகளிடமே சொன்னேன். உன் அம்மாதான் உன் விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இந்த வெரல வச்சு அங்க டியூப் மாத்த ஏலுமா? நீங்களே சொல்லுங்க, ஏலுமா?" என்றாள். நான் மிஷினை மிதித்தேன். சத்தத்தில் எதுவும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நீ பழகிப் பார்த்தாய். சிக்கந்தர் பாய் கைப்பிடியின் கழுத்தைக் குட்டையாக மாற்றினார், அடியில் வளையம் வளையமாகப் போட்டு உயர்த்தினார். கடைசியில் அவரும் கையை விரித்துவிட்டார். "டெய்லரே, இது சட்ட இல்ல, பிரிச்சு விடுறதுக்கு. பத்த வச்சது பத்த வச்சதுதான். புள்ளைக்கு இது சேராதுங்க" என்றார். நான் அவரிடமும் கோபித்துக்கொண்டேன். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இதை விட்டால் உனக்கு ஹோட்டல் கவுண்டரும் சாவிக் கொத்தும்தான் என்று நம் மூவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நீ கடைக்கு வந்தாய். ரேக்கிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து டேபிளில் விரித்தாய். என் பஞ்சிலிருந்தே ஒரு குண்டூசியை எடுத்து, மூன்றின் பெடல் ஓட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கே குத்தினாய். பிறகு மூன்றும் தரையில் ஒரே மட்டமாக நிற்கிற மாதிரி நேராக்கினாய். சிவப்புப் பிரேமில் கைப்பிடி நிற்கிற முனை, டீச்சர் சைக்கிளின் முனையைத் தாண்டி முன்னால் போய், கீழேயும் இறங்கித் தொங்கியது. கண்ணுக்கே தெரியாது என்று நான் சொன்ன ஒன்றரை டிகிரி அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு நின்றது. மூன்றாவது தாள், நான் தொடாத அந்தச் சாம்பல் நிறம், நம்பர் வேறு, மேல் குழாய் நீளமும் வேறு. ஆனால் அதன் கைப்பிடி முனை டீச்சர் சைக்கிளின் முனை மேல் நூல் கனம்கூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"சீட்டத் தள்ளிக்கலாம்ப்பா, ஏத்திக்கலாம், எறக்கிக்கலாம். ஹேண்டிலக்கூடக் கொஞ்சம் மாத்திக்கலாம். பெடல் அச்சு ஒன்னுதான் எங்கிட்டும் நகராது. நான் அதுமேலதான் நிக்கிறேன். அளவு அங்கருந்துதான் எடுக்கணும்" என்றாய். சத்தமே போடாமல் சொன்னாய். நான் டேப்பை எடுத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நீ சொன்னதுதான் சரி. சட்டை தோளில் தொங்குகிறது, அதனால் தோளில் பொருத்துகிறோம். நீ எதன் மேல் நிற்கிறாய் என்று நான் யோசிக்கவே இல்லை. என் தொழில் எனக்குத் தெரியும் என்கிற திமிரில், உன் தொழிலையும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், "சரி, கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு, வெரசாக் கெளம்பு" என்றேன். இப்போது கேட்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிற மாதிரி கேட்கிறேன். மன்னித்துவிடு தாயி.

கோயம்புத்தூர் கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மறந்திருக்க மாட்டாய். சிவப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சாம்பலைக் கேட்கிற ஆட்களை அவர் பார்த்ததில்லையாம். "அதுங்களா? ரெண்டு வருசமா மூலைல இருக்குதுங்க, ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. நல்லா யோசிச்சுக்குங்க, சிவப்புன்னா நாளைக்கே வித்துப் போயிரும்" என்றார். கூடுதலாக ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், மேற்கொண்டு ஒரு பெல்லும் கொடுத்தார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் நீ அந்தப் பிரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட வந்தார். நான் பேரம் பேசாமல் சந்தோஷத்தில் காசைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம், சிக்கந்தர் பாய் சக்கரம் மாட்டித் தந்த சாம்பல் சைக்கிளில் நீ பூம்பாறை போய் வந்து, கேட்காமலே ஊசியை எடுத்து நூல் கோத்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு காஜா எடுத்தேன்.

தேர்வுக்கு எட்டுப் பேர். நீ ஒருத்திதான் பெண். மற்ற ஏழு பேரின் சைக்கிள்களும் ஒன்றைவிட ஒன்று பளபளப்பு. முதல் நாள் சாயங்காலம் நீங்கள் நம் முக்கைத் தாண்டிக் கொடைக்கானலுக்கு ஏறியபோது நான் கத்தரிக்கோலோடு நடுரோட்டில் நின்றேன். உனக்கு முன்னால் நான்கு பேர் போனார்கள். நீ தலையை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி, பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் போலப் போனாய். எனக்குப் பக்கத்தில் நின்ற காரட் லாரி டிரைவர், "அந்தப் புள்ள ஏறுறதப் பாத்தா மேடே இல்லாத மாதிரில்ல இருக்கு!" என்றார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் ஐந்து பேர்தான் பூம்பாறை போய்த் திரும்பி வந்தீர்கள். முக்கில் பஜாரே கூடியிருந்தது. ஆளுக்கொரு சக்கரத்தையும் ஒரு புது டியூபையும் கையில் கொடுத்தார்கள். ஒருவர் விரல் மடங்காமல் டயரைக் காலால் மிதித்தார். ஒருவர் காற்று மூடியைப் பல்லால் திருகினார். முதலில் மாட்டி முடித்தவர் கையைத் தூக்கிக் காட்டினார், காட்டிக்கொண்டு இருக்கும்போதே அவர் சக்கரத்தில் மறுபடியும் காற்றுப் போனது. நீ மட்டும் புது டியூபைத் தொடவே இல்லை. கழற்றிய டயரின் உள்பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாய். கூட்டம் முணுமுணுத்தது. உன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் நின்றுவிட்டது. ஒரு இடத்தில் விரலை நிறுத்தினாய். நகத்தால் கிள்ளி எடுத்துக் காட்டினாய், மயிர் கனத்தில் ஒரு துண்டுக் கம்பி. வேண்டுமென்றே ஐந்து சக்கரத்திலும் வைத்திருந்தார்கள். மரத்துப் போன விரலுக்கு அது தட்டுப்படாது. ஐந்து பேரில் நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாய். நான் விசிலடித்தேன். ஆமாம், நான்தான். யாரோ பையன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனிக்காரர் உன் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி என்று கேட்டார். நீ கீழ்க்குழாயைக் காட்டினாய். அங்கே கறுப்புத் துணியில் தங்க நூலில் நெளிநெளியாக ஆங்கில எழுத்து. அப்போதுதான் நானே பார்த்தேன். காலரில் தைக்கிற நம் கடை லேபிள்! என் டிராயரிலிருந்து எடுத்து எப்போது ஒட்டினாய் என்று இன்று வரை சொல்லவில்லை. பஜார்க்காரர்களே, நீங்கள் வாசிக்க முடியாமல் வாய் பிளந்த அந்தப் பெரிய கம்பெனி பெருமாள்மலையில், பேக்கரிக்கு எதிரில் இருக்கிறது. நீங்கள் தீபாவளிக்குத் துணி கொடுக்கிற அதே கடைதான்.

போகிற இடத்தில் எல்லோரும் உன்னை யாரோடாவது பொருத்திப் பார்ப்பார்கள், மகளே. பார்க்கட்டும். எந்த இடத்தில் ஊசியைக் குத்திப் பொருத்துகிறார்கள் என்று மட்டும் கவனி. நீ எதன் மேல் நிற்கிறாயோ அங்கேயிருந்து அளக்கச் சொல். நாளைக்கு வேலையோ, வீடோ, மாப்பிள்ளையோ, எதுவாக இருந்தாலும் நம்பரையும் நிறத்தையும் பார்த்து ஏமாறாதே, அதற்கு இந்த வீட்டில் ஒரு ஆள் போதும். பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொள்ளாதே. அப்பா தப்பாக வெட்டினால் அந்த நிமிஷமே சொல்லிவிடு, துணி மிச்சமாகும்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல ஊசிகளைக் கோத்து வைக்க உட்காராதே, பஸ்ஸைத் தவற விடுவாய். நான் கண்ணாடி வாங்கிவிட்டேன். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு எழுதியதுதான், பார், வரி கோணவில்லை. முதலில் கண்ணாடிக் கடைக்காரர் ஒன்றை மாட்டிவிட்டார். பார்க்கக் கொண்டுபோன ஊசியின் துவாரம் இரண்டாகத் தெரிந்தது. சொன்னேன். "பழகுனா சரியாயிடும் சார்" என்றார். கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, "இந்தப் பேச்சு என்கிட்ட வேணாம் தம்பி, எனக்குச் சேர்றத எடு" என்றேன்.

உன் அப்பா